மடிக்கணினியில் கேம்களுக்கான ரெசல்யூஷன்: எந்த டிரைவரில், எப்படிச் சேர்ப்பது?

1440×1080 போன்ற ஒரு ரெசல்யூஷனை, அதாவது படத்தின் அகல, உயரப் புள்ளிக் கணக்கை, சேர்ப்பதற்காகத் தமது மடிக்கணினியில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறப்பவர்களில் பலருக்கு, இடப்பக்கப் பட்டியலில் '3டி செட்டிங்ஸ்' போன்றவை மட்டுமே தெரியும். காணொளிகளில் காட்டப்படும் 'டிஸ்ப்ளே' என்ற பகுதி இருக்காது. கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழுதாகிவிட்டது என்று எண்ணி அதை நீக்கி மறுபடி நிறுவினாலும் எதுவும் மாறாது. அங்கே பழுது எதுவும் இல்லை. திரை என்விடியா சிப்புடன் இணைக்கப்படவில்லை என்பதே காரணம்.

2010-இல் என்விடியா அறிமுகப்படுத்திய ஆப்டிமஸ் முறையில், மடிக்கணினியின் திரை பிராசஸருக்குள் இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸுடன்தான் இணைந்திருக்கும். என்விடியா சிப் கேமின் ஃபிரேம்களை வரைந்து, அந்த உள்ளமை கிராபிக்ஸிடம் ஒப்படைத்துவிடும். அவற்றைத் திரைக்குக் கொண்டுசேர்ப்பதும், திரை எந்தெந்த ரெசல்யூஷன்களை ஏற்கும் என்ற பட்டியலை வைத்திருப்பதும் உள்ளமை கிராபிக்ஸின் டிரைவர்தான். ஆகவே புதிய ரெசல்யூஷனையும் அந்த டிரைவரில்தான் சேர்க்க வேண்டும். திரையை எந்தச் சிப்புடன் இணைப்பது என்று மாற்றித் தரும் மக்ஸ் சுவிட்ச் உள்ள மடிக்கணினிகளில் மட்டும், கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸிலோ தயாரிப்பாளரின் செயலியிலோ தனி கிராபிக்ஸ் முறைக்கு மாற்றிக் கணினியை மறுதொடக்கம் செய்தால், திரை நேரடியாக என்விடியாவிடம் வந்துவிடும். அப்போது காணாமல் போன 'டிஸ்ப்ளே' பகுதியும் தானாகத் தோன்றும்.

உங்கள் மடிக்கணினியில் திரை யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வரிசையில் சென்றால், திரையின் பெயருக்குக் கீழே அது எந்தக் கிராபிக்ஸுடன் இணைந்திருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். அதில் இன்டெல் என்றிருந்தால் இன்டெல் செயலியையும், ஏஎம்டி ரேடியான் என்றிருந்தால் ஏஎம்டி செயலியையும் திறக்க வேண்டும். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால் உரிய டிரைவரே நிறுவப்படவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எதுவும் நடக்காது. வெளித்திரை வைத்திருப்பவர்கள் அதற்கும் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பல கேமிங் மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் நேரே என்விடியாவுடன் இணைந்திருக்கும்.

டிரைவரை முதலில் மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, உங்கள் மாடல் எண்ணுக்குரியதாக எடுத்து நிறுவுவதே என் பரிந்துரை. அதில் தேவையான வசதி இல்லாவிட்டால் இன்டெல், ஏஎம்டி தளங்களில் கிடைக்கும் பொது டிரைவருக்கு மாறலாம். பழைய டிரைவரை வேரோடு நீக்கும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் போன்ற கருவி, வழக்கமான நிறுவல் தோற்றுப்போன பிறகே தேவைப்படும். எதைச் செய்வதற்கு முன்பும், விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு ரிஸ்டோர் பாயின்ட் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

எந்த ரெசல்யூஷனைச் சேர்ப்பது என்பது நீங்கள் எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபிரேம் ரேட்டை (விநாடிக்கு வரையப்படும் ஃபிரேம்களின் எண்ணிக்கை) உயர்த்துவதுதான் நோக்கம் என்றால், 1920×1080 திரையில் உள்ள 20,73,600 பிக்சல்கள் 1600×900-இல் 14,40,000 ஆகவும், 1280×720-இல் 9,21,600 ஆகவும் குறைகின்றன. கிராபிக்ஸ் சிப்பின் சுமையும் ஏறக்குறைய அதே போக்கில் குறையும். ஆனால் கேமிலேயே ரெண்டர் ஸ்கேல், எஃப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ் போன்ற வசதிகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். அவை காட்சியை மட்டும் குறைந்த அளவில் வரைவதால், எழுத்துகளும் வரைபடமும் கூர்மை குன்றாமல் இருக்கும். தனி ரெசல்யூஷன், அந்த வசதிகள் இல்லாத பழைய கேம்களுக்கும், கவுன்டர்-ஸ்டிரைக் ஆடுபவர்கள் விரும்பும் 4:3 நீட்சிக்கும் உரியது. 1440×1080-ஐ அகலத் திரை முழுவதும் நீட்டினால் எதிராளியின் உருவம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலத்தோடு தெரியும். அதற்கு ஈடாக இருபுறமும் பார்வைப் பரப்பு குறையும். 2560×1600 திரை உள்ளவர்களுக்கு 1280×800 மிகவும் பொருத்தமானது. ஒரு பிக்சல் சரியாக நான்காக விரிவதால், பிக்சல்களை முழு எண் மடங்கில் மட்டும் விரிக்கும் இன்டீஜர் ஸ்கேலிங் வசதி உள்ள கிராபிக்ஸில் அதை இயக்கினால் மங்கல் இருக்காது.

இனி சேர்க்கும் முறை. திரை என்விடியாவிடம் இருந்தால், 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கத்தில் 'கஸ்டமைஸ்' பொத்தானை அழுத்தி, திரை காட்டாத ரெசல்யூஷன்களை அனுமதிக்கும் கட்டத்தில் குறியிட்டு, அகலம், உயரம், ரெஃப்ரெஷ் ரேட் (திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படும் என்பது) ஆகியவற்றை உள்ளிட்டு 'டெஸ்ட்' கொடுக்க வேண்டும். ஏஎம்டி அட்ரினலின் செயலியில் இது பல்சக்கரக் குறிக்குள் இருக்கும் 'டிஸ்ப்ளே' பக்கத்தில் 'கஸ்டம் ரெசல்யூஷன்ஸ்' என்ற பெயரில் இருக்கும். இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டரிலும் 'டிஸ்ப்ளே' பகுதியில்தான் தேட வேண்டும். திரையின் இணைப்புத் திறனை மீறிய அளவைக் கொடுத்தால் இன்டெல் அதை மறுத்துவிடும். அப்போது ரெஃப்ரெஷ் ரேட்டைக் குறைத்துப் பாருங்கள்.

ரெசல்யூஷனைச் சேர்த்த பின்னும் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் நிற்கின்றன என்றால், ஸ்கேலிங் அமைப்பை மாற்ற வேண்டும். மடிக்கணினித் திரைகளில் படத்தை விரிக்கும் வேலையைப் பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரே செய்கிறது. ஏஎம்டியில் 'ஜிபியு ஸ்கேலிங்'கை இயக்கி 'ஃபுல் பேனல்' என்பதையும், என்விடியாவில் 'ஃபுல்-ஸ்க்ரீன்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். இன்டெல்லில் ஒரு நுட்பம் உண்டு: டெஸ்க்டாப் தனது இயல்பான ரெசல்யூஷனில் இருக்கும்போது ஸ்கேலிங் விருப்பங்கள் தெரியாமல் போகலாம். முதலில் டெஸ்க்டாப்பையே 1440×1080-க்கு மாற்றி, நீட்சியைத் தேர்ந்தெடுத்துச் சேமித்து, பிறகு 1920×1080-க்குத் திரும்புங்கள். கேமுக்குள் 'ஃபுல்ஸ்க்ரீன்' என்றே வைக்க வேண்டும். 'பார்டர்லெஸ்' முறை பொதுவாக டெஸ்க்டாப்பின் ரெசல்யூஷனையே பின்பற்றுவதால் நீங்கள் செய்த மாற்றம் அங்கே தெரியாது.

உள்ளமை கிராபிக்ஸின் செயலியில் இந்த வசதியே இல்லாத மடிக்கணினிகளும் உண்டு. அங்கே கஸ்டம் ரெசல்யூஷன் யுடிலிட்டி என்ற இலவச நிரல் பெரும்பாலும் கைகொடுக்கும். திரை தன்னைப் பற்றிக் கணினிக்குத் தரும் ஈடிஐடி தகவலுக்கு மாற்றாக ஒரு பதிவை இது, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் எழுதுகிறது. நிரலின் மேற்பகுதியில் உள்ள பட்டியலில் சரியான திரையைத் தேர்ந்தெடுத்து, 'டீடெய்ல்டு ரெசல்யூஷன்ஸ்' கட்டத்தில் 'ஆட்' கொடுத்துச் சேர்த்து, நிரலுடன் வரும் ரீஸ்டார்ட்64 கோப்பை இயக்கினால் டிரைவர் மறுதொடக்கம் ஆகும். அந்தக் கட்டத்தின் முதல் வரி உங்கள் திரையின் இயல்பான ரெசல்யூஷன். அதை நீக்கவோ திருத்தவோ வேண்டாம். கூடவே இருக்கும் ரீசெட்-ஆல் கோப்பை, இந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பே டெஸ்க்டாப்பில் நகலெடுத்து வையுங்கள். திரை கறுத்துப்போய்த் திரும்பாவிட்டால், வெளித்திரையை இணைத்தோ, அத்தியாவசிய டிரைவர்களுடன் மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்தோ அந்தக் கோப்பை இயக்கினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் ரெசல்யூஷனை மாற்றும்போது நேரும் கறுப்புத் திரைக்கு இவ்வளவு தேவையில்லை. 15 விநாடிகள் எதையும் தொடாமல் இருந்தால் விண்டோஸே பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

இதே வழியில் ரெஃப்ரெஷ் ரேட்டையும் உயர்த்த முடியும் என்றாலும் அது வேறு வகையான செயல். முழு எச்டி படம் 60 ஹெர்ட்ஸில் வழக்கமான டைமிங்கின்படி 148.5 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக்கை, அதாவது பிக்சல்கள் திரைக்கு அனுப்பப்படும் வேகத்தை, கேட்கிறது. அதையே 75 ஹெர்ட்ஸ் ஆக்கினால் 185.625 மெகாஹெர்ட்ஸ் தேவைப்படும். சில திரைகள் இதைத் தாங்கும், சில மினுங்கும், வேறு சில படத்தை ஏற்றதுபோல் காட்டி இடையிடையே ஃபிரேம்களை விழுங்கும். உத்தரவாதக் காலத்திலுள்ள மடிக்கணினியில் இதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். கழற்றி மாற்றச் செலவு பிடிக்கும் பாகம் திரை.

சேர்த்த அளவுகளை, அவற்றின் ரெஃப்ரெஷ் ரேட்டுடன் எங்காவது எழுதி வையுங்கள். என்விடியா டிரைவரைப் புதுப்பிக்கும்போது 'கிளீன் இன்ஸ்டாலேஷன்' கட்டத்தில் குறியிட்டால் நீங்கள் உருவாக்கிய ரெசல்யூஷன்கள் அழிந்துவிடும். விண்டோஸ் அப்டேட் தானாகவே உள்ளமை கிராபிக்ஸின் டிரைவரை மாற்றிய பிறகும் அவை காணாமல் போகக்கூடும்.