கவுண்ட் ஏறிவிட்டதே என்று அசந்துவிடாதீர்கள்

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் முதல் தவறு, சிகிச்சை தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. நோயாளிக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் அப்பா, அண்ணன் என்று சொந்தக்காரர்களே கை நீட்டுகிறார்கள். பாசம்தான். ஆனால் அந்த ரத்தம் ஏறினால், குடும்பத்து அணுக்களை எதிர்க்க நோயாளியின் உடல் பழகிவிடலாம். நாளைக்கு அதே வீட்டிலிருந்து வரும் ஸ்டெம் செல்லையும் (ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்) அது ஏற்க மறுக்கக்கூடும். வெளியாரின் ரத்தமே நல்லது.

அடுத்தது, கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, பூஜ்யத்தை நெருங்கியதும் எல்லாம் போயிற்று என்று இடிந்துபோவது. பழைய மஜ்ஜையைக் காலி செய்யத்தான் அந்தக் கடுமையான கீமோவே. சிவப்பணு 120 நாள் வாழும், ரத்தம் உறைய உதவும் தட்டணு எட்டுப் பத்து நாள் தாங்கும். கிருமியோடு மோதும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவுக்கு ரத்தத்தில் ஒரு நாள் ஆயுள்கூட இல்லை. அதனால் அது சட்டென்று சரிகிறது.

புது செல்கள் ஏறிய பிறகு, கவுண்ட் எழப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளையணுவை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தம் 1,200, அதில் நியூட்ரோபில் 30 சதவீதம் என்றால், கையில் இருப்பது 360தான். அது 500-ஐத் தாண்டித் தொடர்ந்து மூன்று நாள் நின்றால்தான் மஜ்ஜை பிடித்துவிட்டது என்பார்கள். வெள்ளையணுவைப் பெருக்கப் போடும் வளர்ச்சி ஊசியால் ஏறிய எண், ஊசியை நிறுத்தியதும் கொஞ்சம் இறங்கும். அதற்குப் பதற வேண்டாம்.

இந்த நாட்களில் தட்டணு ஏறட்டும் என்று பச்சைப் பப்பாளி இலைச் சாறு கொடுப்பது ஆபத்து; வேகாத சாற்றோடு கிருமியும் போகும். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் வீட்டிலேயே பாராசிட்டமால் போட்டு அடக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், நடுராத்திரியாக இருந்தாலும்.

சரி, எண்கள் எல்லாம் நார்மல் ஆகிவிட்டன. அப்புறம்தான் பெரிய தவறே நடக்கிறது: மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுவது. கொடையாளரின் டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகை) நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாக நினைத்துத் தாக்கும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்றவை அதைத்தான் தடுக்கின்றன. மருந்தின் அளவைப் பார்க்க ரத்தம் எடுக்கும் காலையில் மட்டும், ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போடுங்கள். டி செல்கள் போன்ற லிம்போசைட் வகை வெள்ளையணுக்கள் முழுப் பலம் பெற ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். குழந்தைப் பருவத் தடுப்பூசிகளையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

கொடையாளரின் ரத்த வகை வேறு என்றால், நோயாளியின் வகையும் மெல்ல அதுவாக மாறிவிடும். பர்ஸில் இருக்கும் பழைய ரத்த வகை அட்டையை எடுத்துவிட்டு, மாற்று சிகிச்சை நடந்த விவரம் எழுதிய அட்டையை வையுங்கள். கதிர்வீச்சு செலுத்திய ரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.