கணக்காளரைப் பணிக்கு எடுக்கும் முன் எப்படிச் சோதிப்பது?

சிறு நிறுவனங்கள் பலவற்றில் கணக்காளரைத் தேர்ந்தெடுப்பது ஒரு சிறு உரையாடலோடு முடிந்துவிடுகிறது. எத்தனை ஆண்டு அனுபவம், டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரியுமா, முன்பு வாங்கிய சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, பேச்சு பிடித்துப்போனால் முதல் தேதியிலிருந்து வரச் சொல்லிவிடுகிறார்கள். ஆள்தேர்வு முறைகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து உளவியலாளர் சாக்கெட்டின் குழுவினர் 2022-இல் வெளியிட்ட கட்டுரையில், அனுபவ ஆண்டுகளுக்கும் பின்னாளைய பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு வெறும் 0.07; முழுப் பொருத்தம் என்றால் அது 1 ஆக இருக்கும். போகிற போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு 0.19 கிடைக்க, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் இடும் நேர்காணல் 0.42-ஐயும், வேலையின் ஒரு பகுதியையே செய்யச் சொல்லும் செய்முறைத் தேர்வு 0.33-ஐயும் பெற்றன. ஆகவே பின்னிரண்டையும் சேர்த்து நடத்துவதே நல்லது. அதற்கு அரை நாள் போதும்.

முதலில் செய்முறைத் தேர்வைத் தயாரியுங்கள். பழைய கொள்முதல் பில்களில் பத்தை எடுத்து, பெயர்களையும் ஜிஎஸ்டி எண்களையும் மாற்றி நகலெடுத்துக்கொண்டு, அவற்றில் சில தவறுகளை வேண்டுமென்றே புகுத்த வேண்டும். உதாரணமாக, உங்கள் நிறுவனம் தமிழ்நாட்டில் இருந்தால், பெங்களூரிலிருந்து சரக்கு அனுப்பிய ஒருவர், மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போட வேண்டிய ஐஜிஎஸ்டி வரியைப் போடாமல், ஒரே மாநிலத்துக்குள் விற்பதைப் போல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டதாக ஒரு பில் இருக்கட்டும். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33 என்பதை அறிந்தவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் நிறுத்திவிடுவார். ஒரே பில்லின் அசலையும் நகலையும் தனித்தனி இடத்தில் செருகி வையுங்கள். விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைத் தொகுத்து ஜிஎஸ்டி இணையதளம் மாதந்தோறும் வாங்கியவருக்குத் தருவது ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை; அந்த மாதத்தின் அறிக்கையாக ஒரு தாளைக் கொடுத்து, ஒரு பில் மட்டும் அதில் இடம்பெறாதபடி செய்யுங்கள். 2022 ஜனவரி 1 முதல் அந்த அறிக்கையில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் செலுத்திய வரியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்பதால், உங்கள் பணத்தைக் காப்பாற்றப்போகிறவரா என்பது இந்த இடத்தில்தான் தெரியவரும்.

இத்துடன் ஒரு பக்க வங்கி அறிக்கையையும், அதே கணக்கை நிறுவனம் தன் புத்தகத்தில் எழுதி வைத்த வங்கிப் பேரேட்டையும் தந்து, இரண்டு இருப்புகளும் ஏன் வேறுபடுகின்றன என்று எழுதச் சொல்லலாம். இன்னும் பணமாக்கப்படாத காசோலை ஒன்றும், புத்தகத்தில் ஏறாத வங்கிக் கட்டணம் ஒன்றும் இருந்தால் போதும். கடைசியாக, தவறான பில் அனுப்பியவருக்கு நான்கு வரிக் கடிதம் ஒன்று எழுதச் சொல்லுங்கள். கணினியும் கால்குலேட்டரும் கொடுத்து ஒரு மணி நேரம் அனுமதிக்கலாம். தேங்கிக் கிடக்கும் உண்மையான வேலையைத் தேர்வு என்ற பெயரில் செய்ய வைப்பது கூலி தராமல் வேலை வாங்குவதே ஆகும், அதைத் தவிருங்கள். பார்வைக் குறைபாடு உடையவர் வந்தால், அவருடைய திரைவாசிப்பு மென்பொருள் படிக்கக்கூடிய கோப்பாகவே தாள்களைக் கொடுக்க வேண்டும்.

விடைக்குறிப்பையும் மதிப்பெண் பங்கீட்டையும் முதல் விண்ணப்பதாரர் வருவதற்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள், ஏனென்றால் ஆளைப் பார்த்த பிறகு எழுதினால் பிடித்தவருக்கு ஏற்றபடி குறிப்பு வளைந்துவிடும். வேகத்துக்குக் குறைவாகவும், தவறைக் கண்டுபிடித்ததற்கு அதிகமாகவும் மதிப்பெண் வையுங்கள். சந்தேகமான பில்லைத் தனியாக எடுத்து வைத்து, இதை யாரிடம் உறுதி செய்ய வேண்டும் என்று கேட்பவருக்கு, ஊகித்துப் பதிவு செய்து முடித்தவரைவிட அதிகம் தரலாம் என்பது என் கருத்து. தாளில் பெயரை மறைத்து இருவர் தனித்தனியே திருத்துவது நல்லது.

நேர்காணலில் ஐந்தாறு கேள்விகள் போதும், ஆனால் எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. "நேர்மையாக இருப்பீர்களா?" என்று கேட்டு யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. "தாக்கல் செய்த ரிட்டர்னில் பிழை இருப்பது பின்னால் தெரியவந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று நடந்ததைக் கேளுங்கள். ஒவ்வொரு விடைக்கும் உடனுக்குடன் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுங்கள்.

ஆளுமை வகையைச் சொல்லும் வினாத்தாள்களை விட்டுவிடலாம். மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை வெளியிடும் நிறுவனமே அதை ஆள்தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. கையெழுத்தை வைத்துக் குணம் கணிப்பதற்கு 1998-இல் உளவியலாளர்கள் ஷ்மிட்டும் ஹன்டரும் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், பணித்திறனோடு உள்ள தொடர்பாகக் கிடைத்த மதிப்பு 0.02. மருத்துவப் பரிசோதனை வைப்பதாக இருந்தால், வேலைக்கு நிபந்தனையாக எச்ஐவி சோதனை கேட்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

மதிப்பெண் தாள்களைப் பத்திரமாக வைத்திருந்து, சேர்ந்தவர் ஆறு மாதம் வேலை பார்த்த பின் அவருடைய பணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லோரும் சரியாகச் செய்த பகுதியையும் ஒருவர்கூடத் தொடாத பகுதியையும் அடுத்த முறை மாற்றிவிடலாம்.