‘கெட்’ என்றால் என்ன பொருள்? அடுத்த சொல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

ஆங்கில-தமிழ் அகராதியைத் திறந்து ‘கெட்’ (get) என்று தேடினால் முதலில் ‘பெறு’ என்று இருக்கும். அதை மட்டும் நம்பிக்கொண்டு ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்ற வாக்கியத்தைப் படித்தால், ‘அது இருட்டைப் பெறுகிறது’ என்றுதான் வரும். யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘இருட்டிக்கொண்டு வருகிறது’ என்பதுதான் அதன் பொருள். அகராதியில் இன்னும் கீழே போனால் இருபது, முப்பது பொருள்கள் வரிசையாக நிற்கும். அவற்றை மனப்பாடம் செய்ய முயன்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

மனப்பாடம் தேவையே இல்லை. ‘கெட்’ தனியாக நிற்கும்போது அதற்கு உறுதியான பொருள் கிடையாது. அதன் வலப்பக்கத்தில் என்ன வகைச் சொல் வருகிறதோ அதுதான் பொருளை முடிவு செய்கிறது. ஆகவே கண் ‘கெட்’டில் நிற்கக் கூடாது. அடுத்த சொல்லுக்குத் தாவ வேண்டும்.

இதற்குத் தமிழிலேயே ஒரு நல்ல துணை இருக்கிறது: ‘வா’ என்ற வினை. கடிதம் வந்தது, கோபம் வந்தது, காய்ச்சல் வந்தது, வீட்டுக்கு வந்தேன் என்கிறோம். நான்குக்கும் ஒரே ‘வா’. ஆனாலும் நமக்குக் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் இந்த நான்கு இடத்திலும் ‘கெட்’ போடலாம். முன்பு இல்லாத ஒன்று வந்து சேர்கிறது, அல்லது முன்பு இல்லாத இடத்துக்கோ நிலைக்கோ நாம் போய்ச் சேர்கிறோம். இந்த ‘வந்து சேர்தல்’ என்ற கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிகளைத் தொடருங்கள்.

படி 1: ‘ஹேவ் காட்’ இருந்தால் முதலில் ஒதுக்குங்கள்

இறந்தகால வடிவம் ‘காட்’. மூன்றாம் வடிவமும் பிரிட்டிஷ் வழக்கில் ‘காட்’தான். அமெரிக்க வழக்கில் மூன்றாம் வடிவம் பெரும்பாலும் ‘காட்டன்’.

‘ஐ ஹேவ் காட் எ சைக்கிள்’ என்றால் ‘என்னிடம் சைக்கிள் இருக்கிறது’. இதில் வாங்கிய செய்தி இல்லை, வைத்திருக்கும் செய்திதான். ‘ஐ ஹேவ் காட் டு கோ’ என்றால் ‘நான் போயாக வேண்டும்’. இந்த இரண்டும் மற்ற விதிகளுக்குள் அடங்காது. அதனால்தான் முதலிலேயே களைந்துவிடச் சொல்கிறோம். அமெரிக்கர்கள் ‘ஐ ஹேவ் காட் எ டிக்கெட்’ என்றால் டிக்கெட் கையில் இருக்கிறது. ‘ஐ ஹேவ் காட்டன் எ டிக்கெட்’ என்றால் முயன்று வாங்கியாயிற்று.

படி 2: அடுத்து பெயர்ச்சொல் வந்தால்

கிடைத்தது, வாங்கினேன், எடுத்து வா: இந்த மூன்றில் ஒன்று. எது என்று பார்க்க ஒரு கேள்வி போதும். அது தானாக வந்ததா, நாமே போய் வாங்கியதா, இன்னொருவருக்காக எடுத்து வருவதா?

‘ஐ காட் எ லெட்டர்’: கடிதம் வந்தது. ‘ஐ காட் சம் மில்க் ஃப்ரம் தி ஷாப்’: கடையிலிருந்து பால் வாங்கி வந்தேன். ‘கெட் மீ எ கிளாஸ் ஆஃப் வாட்டர்’: எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வா. கடைசி வாக்கியத்தில் ‘கெட்’டுக்குப் பின் ஆள் ஒருவர், பொருள் ஒன்று என இரண்டு வருவதைக் கவனியுங்கள். அப்படி வந்தால் பெரும்பாலும் ‘இன்னாருக்குக் கொண்டு வா’ அல்லது ‘வாங்கிக் கொடு’ என்றே பொருள்.

பேச்சில் இன்னும் சில உண்டு. போன் மணி அடிக்கும்போது ‘கேன் யு கெட் தி போன்?’ என்றால் ‘போனை எடுக்கிறாயா?’, யாரோ கதவைத் தட்டும்போது ‘கெட் தி டோர்’ என்றால் ‘போய்க் கதவைத் திற’. ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்றால் ‘எனக்குப் புரியவில்லை’. இதிலும் வந்து சேர்தல்தான்: பொருள் மண்டைக்கு வந்து சேரவில்லை.

படி 3: அடுத்து பெயரடை வந்தால்

டயர்டு, வெட், ஆங்க்ரி, ஓல்டு, பெட்டர் போன்ற தன்மைச் சொற்கள் வந்தால் ‘கெட்’டின் பொருள் ‘ஆகு’. ‘கெட்’டை எடுத்துவிட்டு ‘பிகம்’ போட்டுப் பாருங்கள். வாக்கியம் பொருள் மாறாமல் நின்றால் இந்த வகைதான்.

இங்கே தமிழ் பேசுபவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. ‘எனக்குக் கோபம் வந்தது’ என்பதில் ‘கோபம்’ பெயர்ச்சொல். அதை அப்படியே மனத்தில் வைத்து ‘ஐ காட் ஏங்கர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஐ காட் ஆங்க்ரி’ என்பதே சரி. பசிக்கும் இதே கதைதான்: ‘ஹங்கர்’ அல்ல, ‘ஹங்ரி’.

ஒரேயொரு ‘எ’ எப்படிப் பொருளையே புரட்டுகிறது என்பதற்கு இந்த இரண்டை அருகருகே வையுங்கள். ‘ஐ காட் எ கோல்டு’: எனக்குச் சளி பிடித்துவிட்டது. ‘ஐ காட் கோல்டு’: எனக்குக் குளிர் எடுத்துவிட்டது. முதலாவதில் ‘எ’ இருப்பதால் ‘கோல்டு’ பெயர்ச்சொல், நோயின் பெயர். இரண்டாவதில் அது பெயரடை, உடலின் நிலை. ‘தி சூப் இஸ் கெட்டிங் கோல்டு’ என்றால் சூப் ஆறிக்கொண்டிருக்கிறது. வேகமாகப் படிக்கும்போது இந்த ‘எ’ கண்ணில் படாமல் போய்விடும். ‘கெட்’ வந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

படி 4: அடுத்து இடம் வந்தால்

‘போய்ச் சேர்’ என்று பொருள். ‘ஐ காட் டு தி ஸ்டேஷன் அட் சிக்ஸ்’: ஆறு மணிக்கு ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தேன்.

‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ ஆகிய மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வராது. ‘ஐ காட் ஹோம்’ சரி; ‘ஐ காட் டு ஹோம்’ தவறு. ‘வீட்டுக்கு’ என்பதில் இருக்கும் ‘கு’வை ஆங்கிலத்திலும் தேடுவதால் வரும் பிழை இது. இதன் தம்பி ஒன்றும் உண்டு: ‘ரீச்’ என்ற சொல்லை இந்தப் பொருளில் எழுதும்போது அதற்குப் பின் ‘டு’ போடக் கூடாது. ‘ரீச் தி ஸ்டேஷன்’ போதும்.

வண்டிகளில் ஏறி இறங்குவதற்குத் தனி ஒழுங்கு இருக்கிறது. உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானம், கப்பல் ஆகியவற்றுக்கும், மேலே உட்கார்ந்து ஓட்டுகிற சைக்கிள், குதிரைக்கும் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து நுழைந்து உட்காருகிற கார், டாக்ஸிக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’. பஸ்ஸிலிருந்து இறங்குவதை ‘கெட் டவுன்’ என்று சொல்லிப் பழகியிருந்தால் ‘கெட் ஆஃப்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ‘கெட் டவுன்’ என்றதும் மற்ற நாட்டார் மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவதைத்தான் நினைப்பார்கள்.

படி 5: வினையின் மூன்றாம் வடிவம் வந்தால்

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய படி இது. ‘கெட்’டுக்கும் அந்த வினைக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நடுவில் எதுவும் இல்லையென்றால் செயப்பாட்டு வினை. ‘மை பைக் காட் ஸ்டோலன்’: என் பைக் திருடு போயிற்று. ‘தி கிளாஸ் காட் புரோக்கன்’: கண்ணாடி உடைந்துபோயிற்று. தமிழில் ‘போ’ சேர்த்துச் சொல்கிற எதிர்பாராத, வேண்டாத நிகழ்ச்சிகள் பலவும் இதில் அழகாகப் பொருந்தும்.

நடுவில் ஒரு பொருள் இருந்தால், அது இன்னொருவரைக் கொண்டு செய்வித்தது. ‘ஐ காட் மை ஹேர் கட்’: முடி வெட்டிக்கொண்டேன். தமிழில் வெட்டியவர் சலூன்காரராக இருந்தாலும் ‘நேற்று முடி வெட்டிக்கொண்டேன்’ என்கிறோம், கேட்பவருக்குப் புரிந்துவிடும். கொத்தனார் கட்டினாலும் ‘வீடு கட்டினேன்’ என்கிறோம். அதே பழக்கத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், கேட்பவர் நீங்களே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக்கொண்டதாகத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். பல் பிடுங்கியது, கண்ணைப் பரிசோதித்தது, சட்டை தைத்தது, செருப்பு தைத்தது என்று அடுத்தவர் கையால் நடக்கும் எல்லா வேலைக்கும் இந்த அமைப்பு வேண்டும்: கெட், பிறகு பொருள், பிறகு மூன்றாம் வடிவம்.

செய்தவர் யார் என்று சொல்ல வேண்டுமானால் அமைப்பு மாறும். ‘ஐ காட் ஹிம் டு ரிப்பேர் தி ஃபேன்’: அவரைக் கொண்டு ஃபேனைச் சரிசெய்தேன். ‘கெட்’டுக்குப் பின் வேலை செய்யும் ஆள் வந்தால் ‘டு’வும் முதல் வடிவமும், வேலைக்கு உள்ளாகும் பொருள் வந்தால் மூன்றாம் வடிவம். இந்த ‘டு’வை விட்டுவிடுவது மிகப் பரவலான பிழை. ‘ஐ மேட் ஹிம் ரிப்பேர் தி ஃபேன்’ என்பதில் ‘டு’ இல்லையே என்று பார்த்துப் பழகியதால் வருவது. ‘மேக்’குக்கு ‘டு’ வேண்டாம், ‘கெட்’டுக்கு வேண்டும். பொருளும் ஒன்றல்ல: ‘மேட்’ என்றால் வற்புறுத்தல் தெரியும், ‘காட்’ என்றால் கேட்டோ இணங்கவைத்தோ செய்வித்தது.

படி 6: ‘டு’வும் வினையும் வந்தால்

‘ஐ காட் டு மீட் ஹர் எஸ்டர்டே’: நேற்று அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ‘ஐ ஹேவ் காட் டு மீட் ஹர்’: அவரைச் சந்தித்தாக வேண்டும். பேச்சில் ‘ஹேவ்’ தேய்ந்து, காதில் விழாமலே போய்விடும். அப்போது காலத்தைப் பாருங்கள். முடிந்துபோன நேரம் என்றால் வாய்ப்பு; இனிமேல் நடக்க வேண்டியது என்றால் கட்டாயம்.

படி 7: சிறு சொற்கள் ஒட்டினால்

இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே சொல்லாகப் படியுங்கள். கெட் அப்: எழுந்திரு. கெட் அலாங்: ஒத்துப்போ. கெட் ஓவர்: நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீண்டு வா. கெட் பை: இருப்பதை வைத்துச் சமாளி. கெட் ரிட் ஆஃப்: ஒழித்துக்கட்டு. தொடக்கத்துக்கு இந்த ஐந்து போதும்.

இப்போது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சோதிப்போம்

‘வென் ஐ காட் ஹோம் இட் வாஸ் கெட்டிங் டார்க், சோ ஐ காட் எ டார்ச் அண்ட் காட் மை சன் டு ஹோல்டு இட் அன்டில் ஐ காட் தி ஃபியூஸ் சேஞ்ச்டு.’

ஐந்து ‘கெட்’. ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கத்தை மட்டும் பாருங்கள். ஹோம் என்பது இடம்: வீடு வந்து சேர்ந்தேன். டார்க் பெயரடை: இருட்டிக்கொண்டிருந்தது. எ டார்ச் பெயர்ச்சொல்: டார்ச்சை எடுத்து வந்தேன். மை சன், பிறகு டு ஹோல்டு, அதாவது ஆளும் ‘டு’வும்: மகனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கடைசியில் தி ஃபியூஸ் என்ற பொருள், பிறகு சேஞ்ச்டு என்ற மூன்றாம் வடிவம். விதிப்படி பார்த்தால் வேறு யாரோ ஃபியூஸை மாற்றியிருக்க வேண்டும். ஆனால் இதே அமைப்பு ‘ஒரு வேலையை ஒருவழியாக முடித்துவிட்டேன்’ என்ற பொருளிலும் வரும். அப்போது செய்தவர் பேசுபவரே. இரண்டில் எது என்று அமைப்பு சொல்லாது, சூழலைத்தான் கேட்க வேண்டும். இந்த வாக்கியத்தில் எலக்ட்ரீஷியன் யாரும் வரவில்லை, மகனின் கையில் டார்ச் இருக்கிறது. ஃபியூஸை மாற்றி முடித்தது ‘நான்’தான்.