ஜெஸ்ட் பிரேக்பாயின்ட்டில் நிற்கவில்லையா?

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் என்னிடம் அதிகம் கொண்டுவரும் சிக்கல் இது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சோதிக்கும் கருவி ஜெஸ்ட். அதன் டெஸ்டை ஒரு வரியில் நிறுத்திப் பார்க்க பிரேக்பாயின்ட் வைத்துவிட்டு ‘என்பிஎம் டெஸ்ட்’ கொடுக்கிறார்கள். டெஸ்டுகள் எங்கும் நிற்காமல் ஓடி முடிந்துவிடுகின்றன. அவர்களிடம் நான் முதலில் கேட்பது: உங்கள் நிரல் ஓடுவது எந்த ப்ராசஸில் (கணினியில் தனியாக இயங்கும் நிரலில்)?

நிரல் தொகுப்புகளைக் கையாளும் என்பிஎம்மே, ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடில் இயங்கும் ஒரு நிரல்தான். திட்டத்தின் அமைப்புக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில் உள்ள கட்டளையை அது ஷெல்லிடம் கொடுக்கிறது. ஷெல் ஜெஸ்ட்டைத் தொடங்குகிறது. ஜெஸ்ட்டோ டெஸ்ட் கோப்புகளை, தனித்தனியாக ஓடும் பல வொர்க்கர்களுக்குப் பங்கிடுகிறது. நிரலை நிறுத்தி ஆராயும் டீபக்கர் ஓரிடத்தில் காத்திருக்க, டெஸ்ட் வேறிடத்தில் ஓடுகிறது. நோட்_ஆப்ஷன்ஸ் என்ற சூழல் மாறியில், நிரலைத் தொடக்கத்திலேயே நிறுத்தும் --இன்ஸ்பெக்ட்-பிரேக் போட்டு என்பிஎம்மை ஓட்டினால், முதலில் நிற்பது என்பிஎம்தான். அந்த வழி வேண்டாம்.

என்பிஎம்மை விலக்கிவிட்டு நோடை நேரடியாக அழையுங்கள்:

நோட் --இன்ஸ்பெக்ட்-பிரேக் நோட்_மாட்யூல்ஸ்/ஜெஸ்ட்/பின்/ஜெஸ்ட்.ஜேஎஸ் --ரன்இன்பேண்ட்

இங்கே வரிசை முக்கியம். --இன்ஸ்பெக்ட்-பிரேக் நோடுக்கு உரியது. கோப்பின் பெயருக்குப் பின்னால் வைத்தால் ஜெஸ்ட்டிடம் போய்விடும். --ரன்இன்பேண்ட் ஜெஸ்ட்டுக்கு உரியது. வொர்க்கர்கள் இல்லாமல் எல்லா டெஸ்டுகளையும் ஒரே ப்ராசஸில் ஓட்டச் சொல்கிறது. பாதையையும் முழுதாகக் கொடுங்கள். .பின் கோப்புறையில் இருக்கும் ஜெஸ்ட், விண்டோஸில் ஷெல் ஸ்கிரிப்ட்; அதை நோடிடம் கொடுத்தால் தொடரியல் பிழைதான் வரும்.

பிறகு குரோமில் குரோம்://இன்ஸ்பெக்ட் திறந்தால், 9229 போர்ட்டில் காத்திருக்கும் நிரல் பட்டியலில் தெரியும். முதல் நிறுத்தம் ஜெஸ்ட்டின் சொந்த வரியில் இருக்கும்; எஃப்8 அழுத்தித் தாண்டுங்கள். உங்கள் கோப்பு அதுவரை ஏற்றப்பட்டிருக்காது என்பதால், சந்தேகப்படும் வரிக்கு மேலே ‘டீபக்கர்;’ என்று எழுதிவைப்பதையே நான் நம்புகிறேன். கமிட் செய்யும் முன் அதை அழித்துவிடுங்கள்.

நின்று மாறிகளைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தால், ப்ராமிஸுக்காக (பிறகு வரவிருக்கும் முடிவுக்காக) காத்திருக்கும் டெஸ்ட் நேரம் கடந்ததாகத் தோற்கலாம். ஜெஸ்ட்டின் இயல்பான வரம்பு 5 விநாடி. நீங்கள் யோசித்த நேரமும் அதில் சேரும். அந்தத் தோல்வியை வழுவென்று எண்ணித் துரத்தாதீர்கள். --டெஸ்ட்டைம்அவுட்=600000 கொடுத்தால் 10 நிமிடம் கிடைக்கும்.

பேக்கேஜ்.ஜேசன் கட்டளை சூழல் மாறிகளையும் அமைக்கிறதென்றால் நேரடி அழைப்பில் அவை விடுபடும். அப்போது விஎஸ் கோட் எடிட்டரின் ‘ஜாவாஸ்கிரிப்ட் டீபக் டெர்மினல்’ திறந்து, அதில் ‘என்பிஎம் டெஸ்ட் -- --ரன்இன்பேண்ட்’ கொடுங்கள். நடுவில் தனியாக நிற்கும் இரண்டு கோடுகளை (--) விட்டால் --ரன்இன்பேண்ட் ஜெஸ்ட்டை எட்டாது.