ரைசன் 5 2600 ஓவர்கிளாக்: எங்கட ட்ரிங்கோ வெக்கைக்கு ஏத்த மாதிரி

புது சிப் வாங்கக் காசில்லாட்டி இருக்கிற ரைசன் 5 2600இன்ர வேகத்தையே கொஞ்சம் கூட்டி (அதுதான் ஓவர்கிளாக்) ஓட விடலாம், நல்லாவே ஓடும். முதல்ல மதர்போர்ட் என்னெண்டு பாருங்கோ. 2600ல மல்டிபிளையர், அதாவது வேகத்தைத் தீர்மானிக்கிற பெருக்கல் எண், மாத்தக்கூடியதாத் திறந்துதான் இருக்கு, ஆனா ஏ320 போர்ட்ல ஓவர்கிளாக் பண்ண ஏலாது, பி350, பி450 எண்டா பிரச்சினை இல்ல.

வெளிநாட்டு வீடியோல 4.2 கிகாஹெர்ட்ஸ் போடுறாங்கள் எண்டு அதே நம்பரை இங்க போட்டுடாதீங்கோ. அவங்கட அறையில ஏசி, எங்கட திருகோணமலை உப்புவெளிப் பக்கம் கச்சான் காத்து வீசேக்க மத்தியானம் ஃபேனே நெருப்புக் காத்தைத்தான் தள்ளும், அறைச்சூடு 10 டிகிரி கூடினா சிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும். அதால ராத்திரி டெஸ்ட் பண்ணிட்டு சரி எண்டு விடாதீங்கோ, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ.

தொடங்க முதல் கூலரைக் கழட்டித் துப்பரவாக்குங்கோ. கடற்கரைப் பக்க வீடுகளில உப்புக் காத்தும் ஈரமும் சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்குக்குள்ள தூசியைப் பசை மாதிரி ஒட்ட வச்சிருக்கும், ப்ளோவர் மட்டும் அடிச்சாப் போகாது, மெல்லிய பிரஷ் வேணும். சிப்புக்கும் கூலருக்கும் நடுவில இருக்கிற பழைய பேஸ்ட்டைத் துடைச்சுப் புதுசு போடுங்கோ. இதுக்கே சூடு நல்லா இறங்கலாம்.

இனி பயோஸ், அதாவது போர்ட்டின்ர அடிப்படை செட்டிங் பக்கம். கம்ப்யூட்டரை ஆன் பண்ணின உடனே டெலீட் பட்டனை அமத்தி உள்ள போய் சிபியு ரேஷியோவை (அந்த மல்டிபிளையர்தான்) 37 வைங்கோ, பேஸ் கிளாக் 100 எண்டபடியா அது 3.7 கிகாஹெர்ட்ஸ். வோல்டேஜை ஆட்டோல விடாதீங்கோ, தேவையில்லாம ஏத்திப்போடும், கையால 1.25 வோல்ட் போடுங்கோ. விண்டோஸ் வந்தா சினிபெஞ்ச் ஆர்23 எண்ட சோதனை ப்ரோகிராமைப் பத்து நிமிசம் ஓட விட்டு, பக்கத்தில எச்டபிள்யுஇன்ஃபோ எண்ட ப்ரோகிராம்ல சூட்டைப் பாருங்கோ. க்ராஷ் ஆகாம ஓடினா 38, பிறகு 39, ஒவ்வொண்டாத்தான். ஸ்க்ரீன் உறைஞ்சாலோ தானா ரீஸ்டார்ட் ஆனாலோ வோல்டேஜை 0.0125 அளவில கூட்டுங்கோ, ஸ்டாக் கூலரோட 1.3க்கு மேல நான் போகமாட்டன். சிப்பின்ர எல்லை 95 டிகிரி, ஆனா மத்தியானச் சூட்டில 80ஐத் தாண்டினா ஒரு படி இறக்கிடுங்கோ, 0.1 கிகாஹெர்ட்ஸுக்காக சிப்பைக் காயவைக்கத் தேவையில்ல. கடைசியா பிரைம்95 எண்ட கடும் சோதனையை ஒரு மணித்தியாலம் ஓட விடுங்கோ.

பூட்டே ஆகாட்டிப் பயப்பிடாதீங்கோ, ப்ளக்கைக் கழட்டி, போர்ட்ல இருக்கிற வட்டப் பற்றரியை அஞ்சு நிமிசம் எடுத்து வச்சிட்டுத் திரும்பப் போட்டா பயோஸ் பழையபடி வந்திடும்.

கேம் விளையாடத்தான் எண்டா ரேமையும் பாருங்கோ. 3000, 3200 ரேமை வாங்கிப் போட்டிட்டு எக்ஸ்எம்பியை (ரேமை அதின்ர முழு ஸ்பீடில ஓட வைக்கிற பயோஸ் செட்டிங்) ஆன் பண்ணாம 2133லயே ஓடவிடுற ஆக்கள் கனபேர். இந்த ரைசன்ல உள்ளுக்க இருக்கிற இன்ஃபினிட்டி ஃபேப்ரிக், அதாவது சிப்பின்ர பகுதிகளை இணைக்கிற பாதை, ரேம் ஸ்பீடோடதான் ஓடும், அதால அந்த ஒரு செட்டிங் சில கேம்ல 3.9ஐ விடக் கூடவே தரும், சூடும் பெரிசா ஏறாது. சிபியு, ரேம் ரெண்டையும் ஒரே நேரத்தில மட்டும் மாத்தாதீங்கோ, க்ராஷ் ஆனா எதால எண்டு பிடிக்கேலாது.