சேர்க்கைப்பொருள் பாதுகாப்பானதா? கணக்கு தவறும் இடங்கள்

உணவுச் சேர்க்கைப்பொருள்களை மதிப்பிடப் புதிதாக வருகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். லேபிளைப் படிக்காதது, காலாவதித் தேதியைப் பார்க்காதது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். அறிக்கை முழுக்கச் சரியாகத் தெரியும், முடிவு மட்டும் தலைகீழாக இருக்கும். அந்த வகைத் தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு கிலோவையும் ஒன்றாக எண்ணுவது

எத்தனை முறை திருத்தினாலும் திரும்பி வந்து எரிச்சலூட்டுகிற தவறு இது. 'கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்' என்று இரண்டு இடங்களில் எழுதியிருக்கும். ஒன்று, உணவில் இருக்கலாம் என்று தரநிலை அனுமதிக்கும் உச்ச அளவு. அங்கே கிலோ என்பது உணவின் எடை. மற்றொன்று ஏடிஐ, அதாவது வாழ்நாள் முழுக்க நாள்தோறும் உட்கொண்டாலும் கேடு வராது என்று கணித்த அளவு. அங்கே கிலோ என்பது சாப்பிடுகிறவரின் உடல் எடை.

மஞ்சள் உலர் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் கறுக்காமலிருக்க அதில் சல்ஃபைட் ஏற்றுகிறார்கள். வெளுத்த திராட்சைக்கு, பன்னாட்டு உணவுத் தரநிலைகளை வகுக்கும் கோடெக்ஸ் தரும் உச்ச வரம்பு கிலோவுக்கு 1500 மி.கி. சல்ஃபர் டையாக்சைடு. சேர்க்கைப்பொருள்களை மதிப்பிடும் பன்னாட்டு நிபுணர் குழுவான ஜெக்ஃபா வைத்திருக்கும் ஏடிஐ, உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மி.கி. ஒருவர் 1500ஐ 0.7ஆல் வகுத்து, 'இரண்டாயிரம் மடங்கு நஞ்சு' என்று எழுதிவிடுகிறார். இன்னொருவர், ஆய்வகத்தில் 1000 மி.கி. வந்திருக்கிறது, வரம்புக்குள் இருக்கிறது, பாதுகாப்பானது என்று கோப்பை மூடிவிடுகிறார். இரண்டாமவர் செய்வதுதான் அதிகம் கெடுக்கும், ஏனென்றால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கணக்கு இப்படிப் போக வேண்டும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 15 × 0.7 = 10.5 மி.கி. கிலோவுக்கு 1000 மி.கி. உள்ள திராட்சையில் கிராமுக்கு 1 மி.கி. இருக்கும். பத்து கிராமிலேயே குழந்தையின் அளவு ஏறக்குறைய தீர்ந்துவிடும். 30 கிராம் கொடுத்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதே 30 கிராமை 60 கிலோ எடையுள்ள பெரியவர் சாப்பிட்டால் அவருடைய 42 மி.கி.க்குள் அடங்கிவிடும். தரநிலைப்படி எந்தக் குறையும் இல்லாத அதே பொட்டலம்தான்.

இதைப் பார்த்ததும் பதறவும் கூடாது. ஏடிஐ என்பது நாட்பட்ட சராசரிக்கான எண். பண்டிகை நாளில் பாயசத்தில் விழும் திராட்சை அதை அசைக்காது. உடம்புக்கு நல்லதென்று தினமும் காலையில் ஊறவைத்துக் கொடுக்கும் வீடுகளில்தான் எண் பேசும். அதனால் ஊரின் மொத்தச் சராசரியை எடுக்காதீர்கள். அந்த உணவைச் சாப்பிடுகிறவர்களை மட்டும் தனியே பிரித்து, அவர்களில் அதிகம் சாப்பிடுகிறவர்களின் அளவைப் போடுங்கள், வயதுவாரியாகப் போடுங்கள்.

இதே கணக்கில் இன்னும் சில பள்ளங்கள் உண்டு. லேபிளில் 220 முதல் 228 வரையுள்ள சேர்க்கைப்பொருள் எண்களில் வரும் சல்ஃபைட்டுகள் அனைத்துக்கும் சேர்த்துத்தான் ஒரே ஏடிஐ. தனித்தனியாகக் கணக்கிட்டால் எல்லாமே குறைவாகத் தெரியும். எடையை சல்ஃபர் டையாக்சைடாக மாற்றியாக வேண்டும்: 1 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் சுமார் 0.58 கிராம்தான் தரும். சேமிப்பிலும் சூட்டிலும் சல்ஃபைட் குறையும் என்பதால், ஆலையில் போட்ட அளவை விட்டுவிட்டுச் சாப்பிடும் நிலையில் எஞ்சியிருப்பதை அளக்க வேண்டும். பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ் உள்ள பொருள் என்றால் வழக்கமான மோனியர்-வில்லியம்ஸ் காய்ச்சி வடிக்கும் முறை, சேர்க்காத சல்ஃபைட்டையும் சேர்த்ததாகக் காட்டும். பூண்டு ஊறுகாயில் எண் வந்த உடனே உற்பத்தியாளர் மீது பாயாமல் வேறு முறையில் உறுதி செய்யுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இந்தக் கணக்கே உதவாது. ஏடிஐக்குக் கீழேயும் அவர்களுக்கு மூச்சிரைப்பு வரலாம். அவர்களைக் காப்பது லேபிளில் தெளிவாக எழுதுவது மட்டுமே.

கெடுதல் செய்யக்கூடியது என்பதையே கெடுதல் என்று எழுதுவது

2023 ஜூலையில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டியை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி, 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்னும் 2பி பிரிவில் வைத்தது. சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்லும். எவ்வளவு குடித்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. அதே நாளில் ஜெக்ஃபா கிலோ உடல் எடைக்கு 40 மி.கி. என்ற ஏடிஐயை மாற்றாமல் வைத்துக்கொண்டது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 2800 மி.கி. சர்க்கரையில்லாப் பானம் ஒரு டின்னில் 200 முதல் 300 மி.கி. இருந்தால், வேறு எதிலிருந்தும் அஸ்பார்டேம் சேராத நிலையில், நாளுக்கு 9 முதல் 14 டின்னுக்கு மேல் குடித்தால்தான் அதைத் தாண்ட முடியும். அஸ்பார்டேமிலிருந்து வரும் பீனைல்அலனினை உடம்பால் சிதைக்க முடியாத பிறவிக் குறையான பீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் அதைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

நன்மையை எழுதாமல் விடுவது

சேர்க்கைப்பொருளை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். பதனிட்ட இறைச்சியில் நைட்ரைட்டை நீக்கினால், போட்டுலிசம் நஞ்சைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவைத் தடுக்க உப்பு, குளிர், அமிலம் ஆகியவற்றில் எதை எவ்வளவு கூட்டப் போகிறீர்கள்? மிட்டாயின் நிறத்தை நீக்கினால் கண்ணுக்குத்தான் இழப்பு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

வேலை செய்யாத இடத்தில் போட்டாலும் நன்மை இல்லை. உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சோயிக் அமிலம் பிரிந்து அயனியாகாமல் இருக்கும்போதுதான் நுண்ணுயிரைத் தடுக்கும். புளிப்பு மிகுந்த, பிஎச் 3 உள்ள பழச்சாற்றில் அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் அப்படி இருக்கும். புளிப்பு அவ்வளவாக இல்லாத, பிஎச் 6 உள்ள பொருளில் 2 விழுக்காடு கூட இராது. அங்கே அதைச் சேர்ப்பது வீண் சுமை.

இயற்கையிலிருந்து வந்தால் கணக்கு வேண்டாம் என்பது

பதனிட்ட இறைச்சியில் இயற்கையானது என்று சொல்லிப் போடும் செலரிக்கீரைப் பொடியிலிருந்து வரும் நைட்ரைட்டும் நைட்ரைட்தான்.

உணவுக்கே ஆகாததற்குப் பாதுகாப்பான அளவு தேடுவது

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்யக் காரணமான ரோடமின்-பி ஒரு துணிச்சாயம். அதற்கு ஏடிஐ கிடையாது, கணக்கும் கிடையாது.

எண்ணை மட்டும் எடுத்து, ஆண்டையும் அமைப்பையும் விடுவது

பென்சோயிக் அமிலத்தின் உப்பான பென்சோயேட்டுக்கு ஜெக்ஃபாவின் ஏடிஐ கிலோ உடல் எடைக்கு 5 மி.கி. ஆக இருந்தது; 2021இல் 20 ஆனது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் சொன்னது 5. மேலே சொன்ன சல்ஃபைட்டின் 0.7ஐ அதே ஆணையம் 2022இல் விலக்கிக்கொண்டு, கேடு தோன்றும் அளவுக்கும் மக்கள் உட்கொள்ளும் அளவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்க்கும் பாதுகாப்பு இடைவெளிக் கணக்குக்கு மாறியது. வெள்ளை நிறமியான டைட்டானியம் டையாக்சைடைப் பாதுகாப்பானதென்று இனிக் கருத முடியாது என்று 2021இல் அது சொல்ல, மறு ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதை நிறுத்தியது. ஜெக்ஃபா 2023இல் அதற்கு எண் வரம்பு தேவையில்லை என்ற பழைய நிலையிலேயே நின்றது. அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அமைப்பின் பெயர், ஆண்டு, எந்த வடிவில் (சல்ஃபர் டையாக்சைடாகவா, உப்பாகவா என்பது போல) கணக்கிட்டது என்ற மூன்றையும் எழுதுங்கள். இரண்டு அமைப்புகள் முரண்பட்டால் இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டுங்கள்.