பழைய காரில் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துதல்

நான்கு கியர் கொண்ட பழைய கார் நெடுஞ்சாலையில் ஓயாமல் இரைவதற்கு, பெரும்பாலும் அதன் கடைசி கியரின் விகிதம் 1:1 ஆக, அதாவது எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது பெட்டியின் வெளித்தண்டும் ஒரு சுற்றுச் சுற்றுவதாக, இருப்பதே காரணம். ஐந்தாவது கியரின் விகிதம் 0.8 ஆனால், அதே வேகத்தில் எஞ்சினின் சுழற்சி நிமிடத்திற்கு 3,500 சுற்றுகளிலிருந்து 2,800 ஆகக் குறையும்.

வாங்கும் முன்பே பெட்டியின் நீளத்தையும் கியர் லீவர் மேலெழும் இடத்தையும் காரின் தளத்தோடு ஒப்பிட்டு அளந்துவிடுங்கள். கிளட்ச் தட்டின் நடுத்துளைப் பற்கள் புதிய பெட்டியின் உள்ளீட்டுத் தண்டுக்கும், விட்டம் பழைய ஃப்ளைவீலுக்கும் (எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரம்) பொருந்த வேண்டும். அந்தத் தண்டின் நுனியை எஞ்சின் பக்கம் தாங்கும் பைலட் பேரிங்கும் அப்படியே.

பலர் தவறவிடுவதும், தவறவிடவே கூடாததும் பெல் ஹவுசிங்கின் (எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் மணி வடிவ உறை) மையம். நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஃப்ளைவீலில் பொருத்தி, எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் முள் காட்டும் மொத்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் பாதியே மைய விலகல். அது ஏறத்தாழ 0.13 மி.மீ.-ஐத் தாண்டினால், ஆஃப்செட் டோவல் பின்களை (ஹவுசிங்கை இடம்நிறுத்தும், மையம் சற்று விலகிய ஊசிகள்) கொண்டு சரிசெய்த பிறகே பெட்டியை ஏற்றுங்கள். இல்லையெனில் தண்டும் பேரிங்கும் விரைவில் தேய்ந்து, கியர் மாற்றுவதும் கடினமாகும்.

பெட்டியிலிருந்து பின்சக்கரங்களின் பக்கம் விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தை, கார் தன் சக்கரங்களில் நிற்கும் நிலையில், பெட்டி இறுதியாகப் பொருத்தப்பட்ட பின்னரே அளக்க வேண்டும். ஷாஃப்டின் முன்முனை பெட்டிக்குள் நகர ஏறத்தாழ 2 செ.மீ. இடைவெளி விடுங்கள். வெட்டிய ஷாஃப்டைச் சமநிலைப்படுத்தாமல் மாட்டாதீர்கள். பெட்டியைத் தயாரித்தவர் குறிப்பிடும் எண்ணெயை மட்டுமே ஊற்றுங்கள். சில பெட்டிகளுக்குத் தானியங்கி கியர் எண்ணெய்தான் தேவைப்படும்.